அத்தோ: வாங்கி உண்டவர் விற்பவரான கதை

போர்ட் பிளேயரை ஒட்டிய பத்துபஸ்தியில் நின்று வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு செய்தி உடனே புலப்படும். அங்கிருந்து நேர்க்கோட்டில் அளந்தால், ரங்கூன் இருக்கும் தொலைவு சென்னை இருக்கும் தொலைவில் ஏறத்தாழப் பாதிதான். அந்தமான் தீவுக்கூட்டத்தின் வடமுனைக்கு அப்பால் தென்படும் கோகோ தீவுகள் மியன்மாருக்கு உரியவை. ஆயினும் பர்மாவின் கலவை நூடுல்ஸ் ஒரு நகரத்தின் தெருவுணவாகப் பெயர் பெற்றது அருகிலிருந்த தீவுகளில் அன்று. வங்கக் கடலின் மறுகரையில், சென்னைத் துறைமுகத்துக்கு எதிர்வாடையில். உணவு தொலைவை அளந்து பரவுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. எனில், அது எதை நம்பிப் பரவுகிறது?

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரிலும் பாரிமுனையை ஒட்டிய தெருக்களிலும் பொழுது சாயும் வேளையில் அத்தோக் கடைகள் களைகட்டும். செம்மஞ்சள் நிற நூடுல்ஸ் குவியலாக இருக்கும். அதைச் சுற்றி மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, வெங்காயம் பொரித்தெடுத்த எண்ணெய், புளிக்கரைசல், வறுத்து இடித்த மிளகாய், கொத்தமல்லித் தழை, மொறுமொறுப்பான பேஜோ. பக்கத்து அடுப்பில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். வந்தவர் கேட்டவுடன் கடைக்காரர் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் இட்டு, பேஜோவை நொறுக்கிப் போட்டு, கையால் பிசைந்து தட்டில் வைத்துத் தருவார். காரம் கூட வேண்டும், புளி குறைய வேண்டும் என்று உண்பவர் சொல்லச் சொல்ல, அவர் கண் முன்னாலேயே கலவை மாறும். சூப் கேட்டால் மறுபடியும் ஊற்றுவார்கள். அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயமும் பூண்டும் புளியும் மிளகாயும் அடைத்துத் தருவது உடன் உண்ணும் பண்டம்.

உண்பவர் தம் கிண்ணத்தைத் தாமே வகுத்துக்கொள்வது, கண்ணெதிரே விரைவாகத் தயாராவது, பெரிய உணவகத்தின் சடங்குகள் இல்லாதது ஆகிய இயல்புகளைச் சேர்த்து அமெரிக்க வணிக உலகம் 1990களில் 'ஃபாஸ்ட் கேஷுவல்' என்று ஒரு வகைப்பெயர் உண்டாக்கியது. ஆசிய நூடுல்ஸ் கிண்ணங்களை விற்கும் குளிரூட்டிய கடைகள் இன்று அந்தப் பெயரோடு இந்தியப் பெருநகரங்களுக்கு வந்துள்ளன. அப்பெயர் பிறப்பதற்கு முன்பே, அந்த இயல்புகள் அனைத்தும் பாரிமுனையின் தள்ளுவண்டிகளில் இருந்தன. அவற்றை அங்கே கொண்டுவந்தது வணிகத் திட்டம் அன்று. உடைமை இழந்து கரையிறங்கிய மக்களின் பிழைப்புத் தேவை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பர்மிய மொழியில் 'தௌக்' என்ற வினைக்குக் கையால் கலந்து பிசைதல் என்பது பொருள். அதிலிருந்து வந்த 'அதௌக்' என்ற சொல் பிசைந்து கலந்த உணவு வகை முழுவதையும் குறிக்கும். தேயிலையைப் புளிக்கவைத்துப் பிசைவதும், இஞ்சியைப் பிசைவதும், நூடுல்ஸைப் பிசைவதும் அதனுள் அடங்கும். நூடுல்ஸுக்குப் பர்மியப் பெயர் 'கௌக்சுவே'. எனவே ரங்கூனில் இதன் முழுப்பெயர் நூடுல்ஸின் பெயரோடு சேர்ந்தே வழங்கும். சென்னைக்கு வந்தபோது நூடுல்ஸின் பெயர் உதிர்ந்து, பிசைதலின் பெயர் மட்டும் 'அத்தோ' என நிலைத்தது. 'பேஜோ' என்பதிலும் இதே போன்ற ஒரு தடம் உள்ளது; 'பே' பயறு, 'ஜோ' பொரித்தது. தமிழர் நாவில் இச்சொற்கள் தேய்ந்த முறை, அவை ஏட்டின் வழியாக வந்தவை அல்ல, கடைவீதியில் காதால் கேட்டுப் பழகியவை என்பதைக் காட்டுகிறது.

அந்தக் கடைவீதி ரங்கூனுடையது. 1826, 1852, 1885 ஆகிய ஆண்டுகளில் முடிவுற்ற மூன்று போர்களால் பர்மா படிப்படியாக ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே ஆளப்பட்டது. ஐராவதிக் கழிமுகம் நெல்வயலாக மாறியதும் கடன் கொடுக்க நாட்டுக்கோட்டை நகரத்தார் சென்றனர். ரங்கூனின் மொகல் தெருவில் அவர்களது கிட்டங்கிகள் வரிசை கட்டின. அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் தமிழ், தெலுங்கு மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் கப்பல் தளத்தில் அமர்ந்து பயணம் செய்து சேர்ந்தனர். 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர் ஏறத்தாழ 10 லட்சம் பேர். ரங்கூன் நகரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்.

இந்த எண்ணிக்கைக்குள் இன்னொரு செய்தி மறைந்துள்ளது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, கூலிக்காரர் விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கியவர்கள். அவர்களுக்கு வெளியில் உண்பது ஆசைக்காக அன்று, அடுப்பு இல்லாததால். சாதிக்கும் ஊருக்கும் ஏற்ற மெஸ்கள் ஒருபுறம் இருந்தன. மறுபுறம் தெருமுனையில் பர்மியப் பெண்கள் விற்ற மலிவான உணவு இருந்தது. பர்மாவின் அங்காடிகளில் சில்லறை வணிகம் பெரும்பாலும் பெண்களின் கையில்தான் இருந்தது. காலை வேளையில் மீன்சாறும் வாழைத்தண்டும் சேர்ந்த மொஹிங்கா, பிற வேளைகளில் பிசைந்த நூடுல்ஸ் எனத் தமிழ்த் தொழிலாளி முதலில் அறிமுகமானது வாடிக்கையாளராகத்தான். எவ்வளவு புளி, எவ்வளவு காரம் என்று அவர் அறிந்தது உண்டு பார்த்துத்தான்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. இன்றும் யாங்கோன் தெருக்களில் 'தோஷே' என்ற பெயரில் தோசை கிடைக்கும். பராட்டா 'பலாட்டா' ஆகியிருக்கும். இந்தியாவிலிருந்து சென்ற சமோசாவைப் பர்மியர்கள் துண்டாக்கி, முட்டைக்கோஸும் வெங்காயமும் புளியும் சேர்த்துப் பிசைந்து 'சமூசா தௌக்' ஆக்கிக்கொண்டனர். ஒரு நாட்டின் பண்டம் இன்னொரு நாட்டின் வினைச்சொல்லுக்குள் புகுந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் உணவில் நிகழ்ந்த இக்கலப்பு அரசியலில் நிகழவில்லை. 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியத் தொழிலாளருக்கும் மூண்ட மோதல் பெருங்கலவரமாயிற்று. நிலம் கைமாறிய மனக்கசப்பு, பொருளாதார மந்தம் ஆகியவற்றின் நிழலில் 1938இல் மீண்டும் இந்தியருக்கு எதிரான கலவரம் வெடித்தது.

முதல் பெரும் வெளியேற்றம் 1942இல் நிகழ்ந்தது. ஜப்பானியப் படை மார்ச்சு மாதம் ரங்கூனைக் கைப்பற்றியது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலர். மற்ற லட்சக்கணக்கானோர் அரக்கான், மணிப்பூர் வழியாகக் கால்நடையாகவே இந்தியா வந்தனர். பசியாலும் காலராவாலும் வழியில் இறந்தவர்கள் பல்லாயிரவர். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா அந்த நடைப்பயணத்தை நூலாக எழுதினார். 1952இல் வெளிவந்த 'பராசக்தி' திரைப்படத்தின் கதையும் ரங்கூனிலிருந்து தொடங்குவதே. தமிழ் இலக்கியமும் திரையும் நினைவில் வைத்துக்கொண்டது இந்த 1942ஐத்தான். போருக்குப் பின் பலர் மீண்டும் பர்மா சென்றனர் என்பதும், இரண்டாவது வெளியேற்றம் ஒன்று காத்திருந்தது என்பதும் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. 1962 மார்ச்சு 2 அன்று ஜெனரல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். தொடர்ந்து வங்கிகளும் மொத்த வணிகமும் அரசுடைமையாயின. 1964இல் சில்லறைக் கடைகளும் அவ்வாறே ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. கடை போயிற்று, சேமிப்பும் போயிற்று. குடியுரிமை இல்லாத இந்தியர்கள் கப்பல் கப்பலாக வெளியேறினர். மிகச் சிறு கைப்பணம் தவிர வேறு செல்வம் எதையும் எடுத்துச்செல்ல அனுமதி இல்லை. நகைகளும் சோதனையில் தப்பவில்லை. அப்படி வந்த கப்பல்கள் அந்தமானின் வடபகுதியைத் தாண்டிச் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் மக்களை இறக்கின. பர்மாவிலேயே பிறந்து, தமிழ்நாட்டை முதன்முதலாகக் கண்டவர்கள் அவர்களில் ஏராளம். அரசு ஏடுகள் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று குறித்தன. திரும்பியவர்கள் என்ற சொல் எத்தனை பேருக்குப் பொருந்தியது என்பது தனிக் கேள்வி.

வந்தவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. பின்னர் சென்னை வியாசர்பாடியிலும் திருச்சி, மதுரை முதலிய ஊர்களிலும் பர்மா காலனிகள் தோன்றின. தொழில் தொடங்கக் கடன் வழங்கவும் மறுவாழ்வுக்கு உதவவும் 1969இல் ரெப்கோ வங்கி நிறுவப்பட்டது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோர் அதன் முதல் உறுப்பினர்கள். அதே ஆண்டில் துறைமுகத்தின் எதிரில், கடற்கரைச் சாலை நெடுகப் பர்மா பஜார் உருவாயிற்று. அயல்நாட்டுக் கைக்கடிகாரம், வானொலிப்பெட்டி, வாசனைத் திரவியம் என அங்கே கிடைத்த பொருள்களைச் சென்னைவாசிகள் நன்கறிவர். அந்த வரிசையில் கடை கிடைக்காதவர்களுக்கும் முதல் போட முடியாதவர்களுக்கும் மிஞ்சிய வழிகளில் ஒன்று சாப்பாட்டு வண்டி. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், எண்ணெய், ஓர் அடுப்பு, ஒரு தள்ளுவண்டி ஆகியவை போதும். மிகுதி முழுவதும் உழைப்பு. பூண்டை உரித்து, வெங்காயத்தை அரிந்து பொரித்து, சூப்பைக் கொதிக்கவைத்து, மாலைக் கடைக்குக் காலையிலிருந்தே வீடு முழுவதும் உழைக்க வேண்டிய தொழில் அது.

இங்கேதான் இக்கதையின் திருப்பம் உள்ளது. ரங்கூனில் வாங்கி உண்டவர் சென்னையில் விற்பவர் ஆனார். வாடிக்கையாளராக இருந்து கற்றதைக் கடைக்காரராக இருந்து செய்துகாட்டினார். ஆகவே அத்தோ என்பது பர்மியச் சமையலறையிலிருந்து பெயர்த்தெடுத்து வைக்கப்பட்ட உணவு அன்று. அது ரங்கூன் தெருவின் வாடிக்கையாளர்கள் தம் நாவின் நினைவைக் கொண்டு மறுபடி உருவாக்கியது. மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று அதை அளப்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

மறுபடி உருவாக்கியபோது புதிய வாடிக்கையாளர்கள் அதில் கைவைத்தனர். பாரிமுனைக்கு வந்து போனவர்கள் சுமைதூக்குவோர், கப்பல் முகவர் அலுவலக எழுத்தர்கள், உயர்நீதிமன்றத்துக்கு வந்தவர்கள், சௌகார்பேட்டை வணிகர்கள், ரயில் ஏறக் காத்திருந்தவர்கள் எனப் பலதரப்பினர். பர்மியக் கலவையின் உயிர்நாடியான மீன்சாறும் காய்ந்த இறால் பொடியும் சென்னை அத்தோவில் பெரும்பாலும் இல்லை. உப்பும் புளியும் பொரித்த பூண்டும் அந்த இடத்தை நிரப்பின. மொஹிங்காவில் மீனோடு வேகும் வாழைத்தண்டு, மீனை விட்டுப் பிரிந்து தனிச் சூப்பாயிற்று. வாழைத்தண்டு தமிழ் வீடுகளில் ஏற்கெனவே பொரியலாகவும் கூட்டாகவும் புழங்கியதால், முன்பின் அறியாத கிண்ணத்துக்குப் பக்கத்தில் அறிந்த சுவை ஒன்று அமர்ந்தது எனக் கருத இடமுண்டு. புளிக்கவைத்த தேயிலைக் கலவை பர்மாவில் விருந்தோம்பலின் அடையாளம். அது சென்னைத் தெருவுக்கு வரவே இல்லை. அதற்கு வேண்டிய தேயிலை இங்கே கிடைக்கவுமில்லை, அதைக் கேட்க இங்கே நாக்குகளும் இல்லை. விற்பவரின் நினைவும் உண்பவரின் பழக்கமும் பேரம்பேசி முடித்த இடத்தில் இன்றைய அத்தோ நிற்கிறது.

அந்தப் பேரத்தில் இன்னொன்றும் அடங்கியிருந்தது. சென்னை உணவகங்களின் பெயர்ப்பலகையில் சாதிப்பெயர் இருப்பதை எதிர்த்துப் பெரியார் 1957இல் திருவல்லிக்கேணியில் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. யார் சமைத்தார், யார் பரிமாறினார், பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்று பார்த்து உண்ட நகரம் அது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில், ஊரும் குலமும் அறியப்படாத ஒருவர் நடுத்தெருவில் வெறுங்கையால் உணவைப் பிசைந்து தந்தார். முன்பின் அறியாதவர்கள் ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்து அதை உண்டனர். இதை யாரும் சீர்திருத்தம் என்று அறிவிக்கவில்லை. துறைமுகத் தெருவின் பசிக்கும் அவசரத்துக்கும் அதில் பங்குண்டு. அயல்நாட்டு உணவு என்ற பெயரும் ஒருவகையில் உதவியிருக்கலாம்: எந்தச் சாதியின் சமையல் என்று அடையாளம் காட்ட முடியாத பண்டத்துக்குப் பழைய விலக்குகள் எளிதில் பொருந்துவதில்லை. தெருவுணவின் வரலாற்றை வெறும் சுவையின் வரலாறாக எழுதும்போது தவறிப்போவது இந்தப் பகுதிதான்.

பர்மாவிலிருந்து வந்த நூடுல்ஸ் வேறு இடங்களில் வேறு விதி கண்டது. சூரத்தை ஒட்டிய ராந்தேரின் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் ரங்கூனில் பெருவணிகம் செய்தவை. தேங்காய்ப்பால் சேர்ந்த பர்மிய நூடுல்ஸ் அவர்கள் வழியாகச் சூரத்தில் 'கௌசா' என்ற பெயரில் நிலைத்தது. கராச்சியின் மேமன் சமூகத்திடமும் அது விருந்துணவாயிற்று. மும்பை, கொல்கத்தா உயர்தர உணவகங்களில் அதே உணவு, பொரித்த பூண்டும் வறுத்த வேர்க்கடலையும் எலுமிச்சையும் சிறு சிறு கிண்ணங்களில் தனித்தனியே வர, உண்பவரே கலந்துகொள்ளும் விருந்தாகப் பரிமாறப்படுகிறது. ஒரே நாட்டிலிருந்து வந்த இரு நூடுல்ஸ். வணிகரோடு வந்தது வீட்டு விருந்துக்கும் உணவக மேசைக்கும் சென்றது. கூலிக்காரரோடும் சிறுகடைக்காரரோடும் வந்தது நடைபாதைக்குச் சென்றது. வந்தவர்களின் நிலை, அவர்களது உணவு எங்கே அமரும் என்பதையும் தீர்மானித்தது.

இந்த அளவுகோலோடு அந்தமானுக்குத் திரும்பினால் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை தெளிகிறது. பர்மாவோடு இத்தீவுகளுக்கு உள்ள உறவு சென்னையின் உறவுக்குக் குறைந்ததன்று. 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்துக்குப் பர்மாவிலிருந்தும் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1925இல் கரேன் மக்கள் அழைத்துவரப்பட்டு மாயாபந்தருக்கு அருகே வெபி முதலிய ஊர்களை உருவாக்கினர். பர்மாவிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் சிலவும் பின்னர் இத்தீவுகளில் குடியமர்த்தப்பட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழருள் சிலருக்குக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டம் வாழ்விடமாயிற்று. 2011 கணக்கின்படி தீவு மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குத் தமிழே தாய்மொழி. பத்துபஸ்தி போன்ற குடியிருப்புகளில் தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்கின்றனர்.

ஆயினும் இங்கே குடியேற்றம் நிலத்தையும் காட்டுவேலையையும் தோட்டத்தையும் நம்பி நடந்தது. கரேன் குடும்பத்துக்குத் தன் சமையலை விற்க வேண்டிய தேவை எழவில்லை. அது வீட்டு அடுப்பிலேயே தொடர்ந்தது. சென்னையில் இறங்கியவர்களுக்கு நிலம் இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரு துறைமுகத் தெருவும் அதில் பசியோடு நடமாடிய கூட்டமும்தான். நிலத்தை நம்பிய இடத்தில் உணவு வீட்டுக்குள் நின்றது. வாடிக்கையாளரை நம்பிய இடத்தில் அது தெருவுக்கு வந்து, பெயர் மாறி, சுவை மாறி, நகரத்தின் உணவாயிற்று. பரவலைத் தீர்மானித்தது கடல்தொலைவு அன்று, பிழைப்பின் வகை.

1991க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, பர்மா பஜாரின் அயல்நாட்டுப் பொருள்களுக்கு இருந்த பழைய மவுசு குறைந்தது. அத்தோவுக்கு மவுசு கூடியது. இன்று வியாசர்பாடியிலும் நகரின் பிற பகுதிகளிலும், தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலும் அது விற்கப்படுகிறது. பர்மாவோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்களும் கடை வைத்துள்ளனர். கைப்பேசியில் படம் பிடித்து உணவைப் புகழும் இளைஞர்கள் புதிய வாடிக்கையாளர்களை அழைத்துவருகின்றனர். அப்படங்களில் பூண்டெண்ணெய் மின்னுகிறது. 1964 பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நடைபாதைக் கடைக்காரரின் உரிமையை ஏட்டில் உறுதிசெய்தது. எனினும் சாலை விரிவாக்கம், ரயில்பாதைப் பணி என்று ஏதேனும் ஒரு காரணத்தால் இடம் மாறும் அச்சம் தள்ளுவண்டியை விட்டு நீங்கியதில்லை. ஒருமுறை கடையை இழந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த அச்சத்தின் எடை வேறு.

ரங்கூனில் விட்டுவந்த கடைக்கும் வீட்டுக்கும் பெரும்பாலோர்க்கு உரிய ஈடு கிடைக்கவில்லை. அரசு ஆவணங்களில் அவர்கள் எண்ணிக்கைகளாக உள்ளனர்: இத்தனை குடும்பங்கள், இத்தனை கடன்கள், இத்தனை வீட்டுமனைகள். முதல் வண்டியை யார் தள்ளிவந்தார், மீன்சாற்றை விடலாம் என்று எந்தக் கடையில் எந்த நாளில் முடிவாயிற்று, அறியாத உணவை முதலில் கேட்டு வாங்கியவர் யார் என்பவை எந்தக் கோப்பிலும் இரா. அவை நினைவில் மட்டுமே உள்ளன. 1964இல் பத்து வயதில் கப்பலேறிய குழந்தைக்கு இன்று எழுபதைக் கடந்துவிட்டது. அந்தக் குழந்தைகளில் சிலர் இன்னமும் மாலை வேளையில் கடைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய எஞ்சியுள்ள காலம் குறைவு. தட்டு காலியாகும் வரை அங்கே அமர்ந்திருப்பவர்கள், ஒரு கேள்வியேனும் கேட்டுவிட்டு எழுவது நல்லது.